அழாத குழந்தைக்கு முதலில் வேண்டியது மெஷின் இல்லை

100 குழந்தைகள் பிறந்தால் அதில் சுமார் 85 குழந்தைகளுக்கு யாருடைய உதவியும் தேவைப்படாது, தானாக மூச்சு விட்டு அழுதுவிடும். இன்னொரு 10 குழந்தைகள், உலர்ந்த துணியால் நன்றாகத் துடைத்து முதுகைத் தேய்த்துவிட்டாலே அழ ஆரம்பித்துவிடும். மிச்சம் 5. இந்த ஐந்து பேருக்குத்தான் முகத்தில் மாஸ்க் வைத்து நுரையீரலுக்குள் காற்றைத் தள்ள வேண்டியிருக்கிறது. அதையும் தாண்டி மார்பை அழுத்துவது, மருந்து போடுவது என்று போக வேண்டிய குழந்தைகள் ஆயிரத்தில் ஒன்றிலிருந்து மூன்று வரைதான். சிக்கல் என்னவென்றால் அந்த ஐந்து பேர் யார் என்று முன்கூட்டியே முழுசாகச் சொல்ல முடியாது. எல்லா ஸ்கேனும் நார்மல், சர்க்கரை இல்லை, பிரஷர் இல்லை என்று இருந்த அம்மாவுக்கும் அழாத குழந்தை பிறக்கும். அதனால்தான் மாவட்டத் தலைமை மருத்துவமனையோ ஆரம்ப சுகாதார நிலையமோ, எந்தப் பிரசவமாக இருந்தாலும் குழந்தையை மட்டும் பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற ஒரு ஆளும், கையால் அமுக்கும் ஒரு பையும், குழந்தை முகத்துக்குப் பொருந்தும் மாஸ்க்கும் தயாராக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறார்கள்.

நாம் ஆஸ்பத்திரியை எடைபோடுவது வேறு மாதிரி. "அங்க இன்குபேட்டர் இருக்காம், வென்டிலேட்டர் இருக்காம்" என்றுதான் சொந்தக்காரர்கள் விசாரித்துச் சொல்வார்கள். இருக்கட்டும், அவையும் வேண்டியதுதான். ஆனால் பச்சிளங்குழந்தை அவசர சிகிச்சை வளர்ந்து வந்த கதையைக் கொஞ்சம் புரட்டினால், பெரும்பாலான உயிர்களைக் காப்பாற்றியவை காற்று, கதகதப்பு, சர்க்கரை, சரியான நேரம் ஆகிய நான்கும்தான் என்று தெரியும். கூடவே இன்னொன்றும் தெரியும்: நல்லது என்று நினைத்து அதிகப்படியாகச் செய்த சில வேலைகள் குழந்தைகளுக்குக் கெடுதலாக முடிந்திருக்கின்றன.

முதலில் காற்று. வயிற்றுக்குள் இருக்கும்வரை குழந்தையின் நுரையீரலில் இருப்பது நீர். ஆக்சிஜன் நஞ்சுக்கொடி வழியாக வருகிறது, நுரையீரல் பக்கம் ரத்தம் அதிகம் போவதே இல்லை. வெளியே வந்ததும் சில மூச்சுகளுக்குள் அந்த நீர் உடம்புக்குள் உறிஞ்சப்பட்டு, காற்றறைகள் திறந்து, அதுவரை இறுகிக் கிடந்த ரத்தக்குழாய்கள் விரிந்து, ரத்தம் முதல்முறையாக நுரையீரலுக்குள் பாய வேண்டும். மனித உடம்பில் இவ்வளவு வேகமாக நடக்கும் மாற்றம் வேறு எதுவும் கிடையாது என்றே சொல்லலாம். இது தடைபட்டால் அப்புறம் எல்லாமே வரிசையாகத் தடைபடும்.

பிரசவத்தின்போது ஆக்சிஜன் குறைந்துபோன குழந்தை முதலில் வேகவேகமாக மூச்சு விட முயலும், பிறகு நிறுத்திவிடும். இந்தக் கட்டத்தில் துடைத்துத் தேய்த்துவிட்டால் திரும்ப மூச்சு விட்டுவிடும். அப்படியே விட்டுவிட்டால், திணறித் திணறிச் சில மூச்சுகள் வாங்கிவிட்டு இரண்டாவது முறையாக நிறுத்தும். அதற்குப் பிறகு எவ்வளவு தேய்த்தாலும் பாதத்தில் தட்டினாலும் பயனில்லை, காற்றை உள்ளே அனுப்பியே ஆக வேண்டும். குழந்தை இந்த இரண்டில் எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்வையை வைத்துச் சொல்ல முடியாது, வயிற்றுக்குள்ளேயே முதல் கட்டத்தைத் தாண்டிவிட்டுக்கூடப் பிறந்திருக்கலாம். எனவே சில நொடிகள் துடைத்தும் மூச்சு வரவில்லை என்றால் இரண்டாவது கட்டம் என்றே வைத்துக்கொண்டு மாஸ்க்கை எடுத்துவிட வேண்டும். அழாத குழந்தைக்குப் பிறந்து ஒரு நிமிடத்துக்குள் காற்று போயிருக்க வேண்டும் என்பதைத்தான் 'கோல்டன் மினிட்' என்கிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம், வசதி குறைந்த இடங்களில் வேலை பார்க்கும் நர்ஸ்களுக்காக 2010-இல் கொண்டுவந்த பயிற்சியின் மையமே இந்த ஒரு நிமிடம்தான். இந்தியாவில் அதற்கு ஒரு வருடம் முன்னாலேயே, 2009-இல், 'நவஜாத சிசு சுரக்ஷா காரியக்ரம்' என்ற பெயரில் அரசு மருத்துவமனை ஊழியர்களுக்கு இதே மாதிரி ஒரு பயிற்சி ஆரம்பித்துவிட்டது.

பையை அமுக்குவது பார்க்கச் சுலபம், செய்யும்போது அப்படி இல்லை. நிமிடத்துக்கு 40 முதல் 60 முறை அமுக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் குழந்தையின் நெஞ்சு லேசாக உயர வேண்டும், உயரவில்லை என்றால் காற்று எங்கேயோ கசிகிறது என்று அர்த்தம். மாஸ்க்கைச் சரிசெய்ய வேண்டும், கழுத்து மடங்கியிருந்தால் நேராக்க வேண்டும், வாயில் சளி இருந்தால் எடுக்க வேண்டும், வாயைக் கொஞ்சம் திறந்துவிட வேண்டும், அப்பவும் வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் அழுத்தமாக அமுக்க வேண்டும். சரியாகச் செய்கிறோமா என்பதை இதயத் துடிப்பு காட்டிக்கொடுத்துவிடும். 100-க்குக் கீழே இருந்தது மேலே ஏறினால் குழந்தை தேறுகிறது. காற்று நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதும் 60-க்குக் கீழேயே நிற்கிறது என்றால்தான் மார்பை அழுத்துவதும், தொப்புள்கொடி ரத்தக்குழாய் வழியாக அட்ரினலின் கொடுப்பதும். பெரியவர்களுக்கு மாரடைப்பில் இதயம் முதலில் நிற்கிறது, மூச்சு பின்னால் நிற்கிறது. பிறந்த குழந்தைக்குப் பெரும்பாலும் தலைகீழ், மூச்சு நின்றதால்தான் இதயம் மெதுவாகிறது. அதனால் நெஞ்சை அழுத்த ஓடுவதற்கு முன்னால் நுரையீரலுக்குக் காற்று போகிறதா என்று பார்ப்பதே முக்கியம். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு முதுகில் அடிப்பது, முகத்தில் பச்சைத் தண்ணீர் தெளிப்பது எல்லாம் இந்தப் பட்டியலில் எங்குமே கிடையாது.

இடையில் ஒரு விஷயம். டிஸ்சார்ஜ் சீட்டில் அப்கார் 6/10, 8/10 என்று எழுதியிருப்பதைப் பார்த்துப் பலர் பரீட்சை மார்க் மாதிரி கவலைப்படுகிறார்கள். நியூயார்க்கில் மயக்க மருந்து நிபுணராக இருந்த வர்ஜீனியா அப்கார் 1953-இல் வெளியிட்ட மதிப்பீடு அது. நிறம், துடிப்பு, தூண்டினால் காட்டும் எதிர்வினை, தசை முறுக்கு, மூச்சு என்று ஐந்தையும் பிறந்து ஒரு நிமிடத்திலும் ஐந்து நிமிடத்திலும் பார்த்து எழுதுவார்கள். முதல் எண் குறைந்து இரண்டாவது எண் ஏறியிருந்தால் குழந்தை நன்றாகத் தேறியிருக்கிறது என்று அர்த்தம். அதை வைத்துப் பிற்காலத்தில் படிப்பு வருமா வராதா என்றெல்லாம் கணக்குப் போட முடியாது.

இனி அந்த அதிகப்படி வேலைகளுக்கு வருகிறேன். மூச்சுத் திணறும் குழந்தைக்கு நூறு சதவீத ஆக்சிஜன் கொடுக்க வேண்டும் என்பது ரொம்ப காலமாக யாரும் கேள்வி கேட்காத விஷயமாக இருந்தது. இத்தனைக்கும் 1940களிலும் 50களிலும், இன்குபேட்டருக்குள் ஆக்சிஜனைத் தாராளமாகத் திறந்துவிட்டதால் ஆயிரக்கணக்கான குறைமாதக் குழந்தைகள் விழித்திரை பாதித்துக் கண்பார்வை இழந்திருந்தார்கள். அதற்குப் பிறகும் பிரசவ அறையில் மட்டும் பழைய வழக்கமே தொடர்ந்தது. அதைச் சோதித்துப் பார்த்தவர்களில் முக்கியமானவர் டெல்லி மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் சித்தார்த் ராம்ஜி. சாதாரணக் காற்றே போதுமா என்று அவரும் நார்வேயின் ஓலா சாக்ஸ்டாடும் சேர்ந்து பார்த்த ஆய்வு 1993-இல் வெளியானது. 1998-இல் ஆறு நாடுகளில் நடந்த பெரிய ஆய்வின் முடிவும் வந்தது. சாதாரணக் காற்றில் மீட்கப்பட்ட குழந்தைகள் எந்த விதத்திலும் பின்தங்கவில்லை, சொல்லப்போனால் முதல் அழுகை அவர்களுக்குத்தான் சீக்கிரம் வந்தது. 2010-இல் உலக வழிகாட்டுதல் மாறியது: நிறைமாதக் குழந்தைக்கு நாம் எல்லோரும் சுவாசிக்கும் காற்றில் ஆரம்பி, தேவைப்பட்டால் மட்டும் ஆக்சிஜனைக் கூட்டு. காரணம் யோசித்தால் புரியும். வயிற்றுக்குள் குழந்தையின் ஆக்சிஜன் அளவு 60 சதவீதத்தை ஒட்டித்தான் இருக்கும். ஆரோக்கியமாகப் பிறந்த குழந்தைக்குக்கூட ஒரு நிமிடத்தில் 60-65, ஐந்து நிமிடத்தில் 80-85 என்று மெதுவாகத்தான் ஏறும். பிறந்ததுமே 100 காட்ட வேண்டும் என்று துரத்தினால் அது உடம்புக்குத் தேவையில்லாத சுமை.

மலம் கலந்த நீர் விஷயமும் இப்படித்தான். "குழந்தை தண்ணி குடிச்சிருச்சு" என்று வெளியே வந்து சொல்வார்களே, வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்து அது பனிக்குட நீரோடு கலந்து மூச்சுக்குழாய்க்குள் போவதுதான் அது. இப்படிப் பிறந்து சோர்ந்து கிடக்கும் குழந்தைக்கெல்லாம் உடனே தொண்டைக்குள் குழாய் விட்டு உறிஞ்சியே ஆக வேண்டும் என்று முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். 2015-க்குப் பிறகு அது வழக்கமாகச் செய்யும் வேலையாக இல்லை, உறிஞ்சுவதில் வீணாகும் நொடிகள் காற்று கொடுப்பதைத் தள்ளிப்போடுகின்றன என்பதால்.

இதைவிட நமக்கு நெருக்கமானது குளிரூட்டும் சிகிச்சையின் கதை. பிறக்கும்போது மூளைக்கு ஆக்சிஜன் போகாத குழந்தையின் உடம்பை 33.5 டிகிரிக்குக் குளிரவைத்து 72 மணி நேரம் வைத்திருந்தால் மூளைச் சேதம் குறைகிறது என்று மேலை நாடுகளின் ஆய்வுகள் காட்டின, அங்கே அதுவே இப்போது வழக்கமான சிகிச்சை. நம் பக்கமும் பல இடங்களில் ஆரம்பித்துவிட்டார்கள். அப்புறம் இந்தியா, இலங்கை, வங்கதேசம் மூன்று நாடுகளிலும் சேர்த்து 408 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது. சென்னையிலிருந்து எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனையும், இலங்கையிலிருந்து ராகமை போதனா மருத்துவமனையும் அதில் இருந்தன. 2021-இல் முடிவு வந்தது: குளிரூட்டிய குழந்தைகளில் 42 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், குளிரூட்டாதவர்களில் 31 சதவீதம். அதாவது அங்கே காப்பாற்றியது இங்கே கெடுத்திருக்கிறது. நம் பக்கத்துக் குழந்தைகளுக்கு மூளைப் பாதிப்பு பிரசவத்துக்கு ரொம்ப முன்னாலேயே மெல்ல மெல்ல நடந்திருக்கலாம் என்று ஒரு விளக்கம் உண்டு, விவாதம் இன்னும் ஓயவில்லை. இங்கே சோதித்துப் பார்க்காத ஒன்றை, வெளிநாட்டில் செய்கிறார்கள் என்பதற்காக இங்கேயும் வாங்கி வைப்பதில் எனக்கு இருக்கும் தயக்கத்துக்கு இந்த ஒரு ஆய்வே போதும்.

குளிர் இன்னொரு வகையிலும் கொல்லும், யாரும் வேண்டுமென்று செய்யாமலேயே. "நம்ம ஊர் வெயில்ல குழந்தைக்குக் குளிருமா?" என்று கேட்பவர்கள் ஆபரேஷன் தியேட்டர் ஏசியை மறந்துவிடுகிறார்கள். ஈரத்தோடு பிறக்கும் குழந்தை நிமிடக் கணக்கில் சூட்டை இழக்கும். நடுங்கிச் சூடேற்றிக்கொள்ளத் தெரியாது, தோள்பட்டை, முதுகுப் பக்கம் இருக்கும் பழுப்புக் கொழுப்பை எரித்துத்தான் சமாளிக்க வேண்டும். குறைமாதக் குழந்தையிடம் அதுவும் இருக்காது. உடல் வெப்பம் 36.5 டிகிரிக்குக் கீழே போனால் ஆக்சிஜன் கூடுதலாகச் செலவாகும், சர்க்கரை இறங்கும், மூச்சுத் திணறும். ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டு போகும். இதற்கு மருந்து உலர்ந்த துணி, தொப்பி, அப்புறம் அம்மாவின் நெஞ்சு. கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் 1978-இல் எட்கர் ரே சனாப்ரியா என்ற மருத்துவர், இன்குபேட்டர் பற்றாக்குறையால் எடை குறைந்த குழந்தைகளை அம்மாவின் மார்போடு சேர்த்துக் கட்டிவைக்க ஆரம்பித்தார். நாம் கங்காரு பராமரிப்பு என்று சொல்வது அதுதான். ஏழை நாட்டுக்காரர்கள் வேறு வழியில்லாமல் செய்வது என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். குழந்தை முதலில் இன்குபேட்டரில் இருந்து தேறட்டும், அப்புறம் அம்மாவிடம் தரலாம் என்பதுதான் நடைமுறை. டெல்லி சப்தர்ஜங் உட்பட ஐந்து நாட்டு மருத்துவமனைகளில் 1 கிலோவிலிருந்து 1.8 கிலோவுக்குள் எடையுள்ள 3,211 குழந்தைகளை வைத்துப் பார்த்தபோது, தேறும்வரை காத்திருக்காமல் பிறந்ததுமே ஆரம்பித்தவர்களில் 28 நாட்களுக்குள் இறப்பு 12 சதவீதம், வழக்கப்படி காத்திருந்தவர்களில் 15.7. வித்தியாசம் அவ்வளவு தெளிவாக இருந்ததால் ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2021-இல் வந்த முடிவு இது. இதன்படி தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் அம்மாவுக்கும் ஒரு கட்டில் போட வேண்டும். எத்தனை இடங்களில் போட்டிருக்கிறார்கள் என்பதை உள்ளே போய்வந்தவர்களே சொல்லட்டும்.

சர்க்கரைக்கு அவ்வளவு நீளமான கதை இல்லை. ரத்தச் சர்க்கரை 45 மில்லிகிராமுக்குக் கீழே போனால் கவலைப்பட வேண்டும். குழந்தை வெளிக்காட்டாமல் சோர்ந்து கிடக்கும், சில சமயம் வெட்டி வெட்டி இழுக்கும். ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுத்தால் பெரும்பாலான குழந்தைகளுக்கு இந்தப் பிரச்சினையே வராது. அதை விட்டுவிட்டுத் தாய்மாமன் கையால் சேனை, கழுதைப்பால் என்று முதல் வாய்க்கு ஊற்றுவது சர்க்கரையையும் காப்பாற்றாது, தொற்றையும் கூட்டிவரும்.

பிறந்த இடத்தில் முடியாது, பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும் என்ற கட்டம்தான் பல குழந்தைகளை நாம் இழக்கும் இடம். முடிந்தவரை குழந்தையை வயிற்றிலேயே வைத்து அனுப்புவது நல்லது. 34 வாரத்துக்கு முன்னால் வலி எடுத்துவிட்டால் அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டு, பச்சிளங்குழந்தைப் பிரிவு உள்ள மருத்துவமனைக்கு அப்போதே அனுப்ப வேண்டும். நியூசிலாந்தில் லிகின்ஸும் ஹோவியும் 1972-இல் நிரூபித்துக் காட்டிய ஊசி இது. குறைமாத நுரையீரல் ஒவ்வொரு மூச்சுக்கும் சுருங்கி ஒட்டிக்கொள்ளாமல் தடுக்கும் சர்பேக்டன்ட் என்ற பொருளை முன்கூட்டியே சுரக்கவைக்கிறது. அது இல்லாத காலத்தில் என்ன நடந்தது என்பதற்கு உலகத்துக்கே தெரிந்த உதாரணம், 1963-இல் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்த அமெரிக்க ஜனாதிபதி கென்னடியின் மகன் பேட்ரிக். எடை 2.1 கிலோ. இன்று ஒரு மாவட்ட மருத்துவமனையிலேயே தேறிவிடக்கூடிய குழந்தை, அன்று இருந்த வைத்தியம் அத்தனையும் கிடைத்தும் 39 மணி நேரம்தான் இருந்தது. இன்று அப்படி ஒரு குழந்தைக்கு முதலில் வைப்பது சிபாப். மூச்சை முழுசாக வெளியே விட்டாலும் நுரையீரல் ஒட்டிக்கொள்ளாதபடி தொடர்ந்து லேசான காற்றழுத்தம் கொடுப்பார்கள். அதில் ஒரு வகையில், குழாயின் மறுமுனையை ஒரு பாட்டில் தண்ணீருக்குள் 5 சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்தால் 5 சென்டிமீட்டர் தண்ணீர் அளவு அழுத்தம், அவ்வளவுதான் தத்துவம். தண்ணீரில் குமிழி வந்துகொண்டிருந்தால் வேலை செய்கிறது.

பிறந்த பிறகு அனுப்ப வேண்டியிருந்தால், ஆம்புலன்ஸ் எவ்வளவு வேகமாகப் போகிறது என்பதைவிட ஏற்றுவதற்கு முன்னால் குழந்தையைத் தயார் செய்தார்களா என்பதுதான் பெரிது. வெப்பம், ஆக்சிஜன், ரத்த ஓட்டம், சர்க்கரை, இந்த நான்கும் சரியாக இருந்தால் போய்ச் சேரும் குழந்தை பிழைக்கும் வாய்ப்பு எவ்வளவோ கூடுதல். டவலில் சுற்றி மடியில் போட்டுக்கொண்டு காரில் பறப்பவர்கள் அந்த நான்கையும் வழியில் தொலைத்துவிட்டுத்தான் போய்ச் சேர்கிறார்கள். தமிழ்நாட்டில் 108 சேவையிலேயே பச்சிளங்குழந்தைகளுக்கென்று இன்குபேட்டரோடு தனி வண்டிகள் இருக்கின்றன, கேட்டு வாங்க வேண்டும். அது கிடைக்காத நேரத்தில் அம்மாவோ பாட்டியோ அப்பாவோ, யாராவது ஒருவர் வெற்று மார்பில் குழந்தையைச் சேர்த்து அணைத்துக்கொண்டு போவது டவலைவிட எத்தனையோ மேல். நோயுற்ற பச்சிளங்குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, ரத்தம், போகவர வண்டி எல்லாம் இலவசம் என்று 2011-இலிருந்தே மத்திய அரசுத் திட்டம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் கிட்டத்தட்ட எல்லாப் பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான், 99 சதவீதத்துக்கும் மேல். 2020 கணக்கெடுப்பின்படி ஆயிரம் பிறப்புக்கு 28 நாட்களுக்குள் இறக்கும் குழந்தைகள் இந்தியாவில் 20, தமிழ்நாட்டில் 9. இந்த இடைவெளி சும்மா வந்துவிடவில்லை, பிரசவ அறைதோறும் ஆளும் பையும் போய்ச் சேர்ந்ததன் பலன் அதில் நிறையவே இருக்கிறது. அதே நேரம் மெஷின்களைக் குவித்துவிட்டுக் கட்டிடத்தைக் கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2021 ஜனவரியில் மகாராஷ்டிராவின் பண்டாரா மாவட்ட மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைப் பிரிவில் பிடித்த தீயில் 10 குழந்தைகள், 2024 நவம்பரில் ஜான்சியில் அதே மாதிரி இன்னொரு தீ. குழந்தைகளைச் சூடாக வைத்திருக்கும் வார்மர்கள் இருபத்துநாலு மணி நேரமும் ஓடும், ஆக்சிஜன் நிறைந்த அறை. வயரிங் பழசாக இருந்தால் வேறென்ன நடக்கும்?

வீட்டுக்கு வந்த பிறகு கவனிக்க வேண்டியது கொஞ்சம்தான். பால் குடிக்கவே மாட்டேன் என்கிறது, தொட்டால் மட்டும் அசைகிறது, வெட்டி இழுக்கிறது, நிமிடத்துக்கு 60 அல்லது அதற்கு மேல் மூச்சு வாங்குகிறது, மூச்சு விடும்போது நெஞ்சு உள்ளே குழிகிறது, உடம்பு கொதிக்கிறது அல்லது சில்லென்று இருக்கிறது, இதில் எது இருந்தாலும் உரைமருந்து, மாந்தம் என்று உட்கார்ந்திருக்காமல் அப்போதே கிளம்ப வேண்டும். மஞ்சள்காமாலை பெரும்பாலும் பயப்பட வேண்டியது இல்லை, ஆனால் பிறந்த 24 மணி நேரத்துக்குள் வந்தாலோ உள்ளங்கை உள்ளங்காலில் மஞ்சள் தெரிந்தாலோ கதையே வேறு, காலை வெயிலில் காட்டினால் சரியாகாது. ரத்தத்தில் அந்த மஞ்சள் பொருள் அளவுக்கு மேல் ஏறினால் அது மூளைக்குள் போய்ப் படியும், அப்படி ஆன சேதத்தைத் திரும்பச் சரிசெய்ய முடியாது.

குறைமாதக் குழந்தை என்றால் இன்னொரு வேலையும் உண்டு. இந்தியாவில் 34 வாரத்துக்கு முன் பிறந்த அல்லது 2 கிலோவுக்குக் கீழ் எடையுள்ள எல்லாக் குழந்தைக்கும் பிறந்து 30 நாட்களுக்குள் கண்ணில் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும், ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு அதற்கும் முன்னால், இரண்டு மூன்று வாரத்திலேயே. முன்பு சொன்ன அதே ஆக்சிஜன் பாதிப்புதான், நேரத்தில் பிடித்தால் லேசரிலேயே பார்வையைக் காப்பாற்றிவிடலாம். குழந்தை நன்றாகப் பால் குடிக்கிறது, எடை ஏறுகிறது, வெளியில் ஒன்றும் தெரியவில்லை என்பதால் பலர் விட்டுவிடுகிறார்கள். டிஸ்சார்ஜ் சீட்டில் கண் பரிசோதனைக்கு எப்போது வர வேண்டும் என்று தேதி போடவில்லை என்றால், கிளம்புவதற்கு முன்னால் கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.